ஆணிக்காரர் வீடு முடிந்த தேதி

போன மாதம் அவர் இறந்தபோது தெருமுனையில் ஒட்டிய அறிவிப்பில் அவருடைய சொந்தப் பெயரைப் போட்டிருந்தார்கள். நின்று படித்தவர்கள், யாரோ பாவம் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். யாரோ ஒருவர் பேனாவை எடுத்து, பெயருக்குக் கீழே ‘ஆணிக்காரர்’ என்று எழுதினார். அதன் பிறகுதான் வாசலில் நிற்க இடமில்லாமல் போனது.

அவர் நகராட்சியில் வீடு அளப்பவர். நீளம், அகலம், எத்தனை தளம், என்ன கூரை என்று குறித்துக்கொண்டு வந்து கொடுத்தால், அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அதற்கு வீட்டு வரி போடுவார்கள். திட்டு முழுக்க அளந்தவருக்கு. அவருடைய சைக்கிள் தெருவுக்குள் திரும்பினால் போதும், வாசலில் பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் அடுப்பில் ஏதோ தீய்வது நினைவுக்கு வந்துவிடும்.

அளவில் அவரை யாரும் குறை சொன்னதில்லை. சொல்ல அவர் வழி வைக்கவில்லை. டேப்பின் ஒரு முனையை வீட்டுக்காரர் கையில் கொடுப்பார். மறுமுனையில் எண்ணைத் தான் படிக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்வார். இருபத்தாறு வருஷத்தில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்கூட அரை அங்குலம் குறைத்துப் படித்ததில்லை. அங்குலம் அங்குலமாக நியாயம் கிடைத்தது.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. கட்டி முடியாத வீட்டுக்குப் பாதி வரி என்று விதியில் ஒரு சலுகை. கஷ்டப்பட்டுக் கட்டுகிறவர்களுக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று யாரோ நல்ல மனசோடு எழுதியது. ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த ஊரில் ஒரு வீடும் முடிவதில்லை. ஒரு வீட்டில் ஒரே ஒரு ஜன்னலுக்குக் கதவு இருக்காது. இன்னொன்றில் பின்பக்கச் சுவருக்குப் பூச்சு இருக்காது. ஒருவர் வாசலில் ஒன்பது வருஷமாக மணல் குவியல். மழையில் கரைந்தால் புது மணல் வாங்கிக் கொட்டி, பக்கத்தில் ஒரு மண்வெட்டியையும் சாய்த்துவைப்பார்.

விதிப் புத்தகம், ‘குடியிருக்கத் தக்க நிலையை அடைந்தால் கட்டடம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும்’ என்றது. தக்க நிலை என்றால் என்ன என்று அது சொல்லவில்லை. அவருக்கு முன்னால் இருந்தவர்கள், வீட்டில் கொடுத்த காபியின் தரத்தைக் கொண்டு முடிவு செய்தார்கள். இவருக்கு அது ஒத்துவரவில்லை. காபி குடித்தால் இவருக்கு நெஞ்செரிச்சல்.

வேலையில் சேர்ந்த ஆறாம் வருஷம் ஒரு வீட்டுக்குப் போனார். “நாங்க இங்க குடியில்லைங்க, சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்,” என்றார் வீட்டுக்காரர். லுங்கியில் இருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் காலண்டர். காலண்டரில் அன்றைய தேதி.

“தேதி கிழிக்க மட்டும் தினமும் வந்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டார் இவர்.

அன்றைக்குப் பிறந்தது ஆணிச் சோதனை. கொத்தனார் ஆணி அடிப்பதில்லை. தச்சர் மரத்தில் அடிப்பார், சுவரில் அடிக்க மாட்டார். வெறும் சுவரில் ஆணி அடிக்கிறவர் அங்கே வாழ வந்தவர். சட்டை மாட்ட, சாவி மாட்ட, படம் மாட்ட. முதல் ஆணி இறங்கிய நாளில் வீடு முடிகிறது. இது எந்த விதியிலும் கிடையாது. ஆனால் மறுத்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை என்பதால் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. அவர் டேப்காரராக இருந்தது போய் ஆணிக்காரர் ஆனார்.

ஊர் சும்மா இருக்குமா? ஆணி அடிப்பதை நிறுத்தியது. சட்டைகள் நாற்காலி முதுகில் தொங்கின. சாவிகள் ஜன்னல் கம்பியில் ஆடின. கல்யாணப் படங்கள் தரையில் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றன. “கட்டின பொண்டாட்டியைத்தான் கண்டுக்க மாட்டேங்கறீங்க, படத்தையாவது மாட்டுங்க,” என்று பெண்கள் சண்டை போட்டார்கள்.

இவருடைய தெருவிலேயே மூன்று மாடி வைத்து ஒருவர் இருந்தார். லிஃப்ட் உண்டு. மாடிக்கு மாடி தொலைக்காட்சி உண்டு. ஒரே ஒரு குளியலறை ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. ஆகவே வீடு முடியவில்லை. ஆணிக்காரர் உள்ளே போனபோது எல்லாமே ஒட்டுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடிகாரம்கூட.

“ஒரு ஆணி காட்டுங்க பாப்போம்,” என்றார் மூன்று மாடிக்காரர், தொடையைத் தட்டிக்கொண்டு.

ஆணிக்காரர் சுவரை ஒட்டி நடந்தார். சோபாவுக்குப் பின்னால் சுண்ணாம்பில் ஒரு பொட்டு கொஞ்சம் அதிக வெள்ளையாக இருந்தது. “இது?”

“அங்க ஒரு கொசு அடிச்சேன். கறை தெரியக் கூடாதுன்னு பூசினேன்.”

ஆணிக்காரர் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். பட்டி உதிர்ந்தது. உள்ளே இரண்டு அங்குல ஓட்டை. “நல்ல ஆழமான கொசு சார்,” என்று சொல்லி, ‘முடிந்தது’ என்று எழுதினார்.

ஆணிக்காரரின் நேர் எதிர்வீட்டில் தையல்காரம்மா. தனி மனுஷி. இரண்டு அறை, ஒரு மெஷின். துணி போட்டுப் பார்க்க ஒரு கண்ணாடி மாட்டினார். கண்ணாடிக்கு ஆணி வேண்டும். முழு வரி. எட்டு வருஷமாகக் கட்டினார். கட்டும்போதெல்லாம் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு முணுமுணுப்பார், ஆனால் கட்டினார். எல்லாருக்கும் ஒரே ஆணி, எல்லாருக்கும் ஒரே நியாயம் என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது.

இனி ஆணிக்காரர் வீடு.

வேலையில் சேர்ந்த ஐந்தாம் வருஷம் கட்டியது. கூடம், ஓர் அறை, சமையலறை. வெளிப்பக்கமாகப் பதினேழு படி. படி ஏறினால் வானம். மேலே ஓர் அறை வரவேண்டும், பத்துக்குப் பன்னிரண்டு, மகள் உட்கார்ந்து படிக்க. அதற்காக நான்கு தூண்களின் தலையிலும் கம்பிகளை வெட்டாமல் நீட்டி விட்டிருந்தது. மகளுக்கு அப்போது பதின்மூன்று வயசு. அடுத்த வருஷம் கட்டிவிடலாம் என்றார். அடுத்த வருஷம் பள்ளிக் கட்டணம். அதற்கடுத்த வருஷம் மனைவிக்கு ஆபரேஷன். பிறகு கல்லூரி. மகள் பதினோராம் படியில் உட்கார்ந்து படித்தே பாஸ் செய்தாள். கட்டடங்களுக்குக் கணக்குப் போடும் எஞ்சினியர் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். அறை மட்டும் அடுத்த வருஷத்திலேயே இருந்தது. துரு ஏறக் கூடாது என்று அவர் வருஷா வருஷம் கம்பிகளுக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தார். மனைவி அவற்றில் கொடி கட்டித் துணி உலர்த்தினார்.

தன் வீட்டைத் தானே அளக்கக் கூடாது என்பது அலுவலக விதி. பக்கத்து வார்டு அளப்பவர் வர வேண்டும். ஆணிக்காரர் குடியேறிய வாரம் அவர் வந்தார். நிமிர்ந்து கம்பியைப் பார்த்தார். ‘முடியவில்லை’ என்று எழுதினார். காபி குடித்தார். போனார். அதோடு சரி. இருபத்தோரு வருஷம் யாரும் வரவில்லை. ஊரார் சுவரில் ஊசித் துவாரத்தையும் விடாத மனுஷர், தன் வீட்டை அந்தக் கண்ணால் ஒரு நாளும் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது விதி. அவர் விதியை மதிப்பவர்.

அந்தச் சமயத்தில்தான் புது ஆணையர் வந்தார். சின்ன வயசுப் பெண். வரிப் பட்டியலை எங்கே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறீர்கள் என்று கேட்டார். மாடிப்படிக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார்கள். முன்னால் இரண்டு பீரோ.

“இதை யார் படிப்பாங்க?”

“யாரும் படிக்க மாட்டாங்க மேடம்,” என்றார் தலைமை எழுத்தர் பெருமையாக. “இதுவரைக்கும் ஒரு ஆட்சேபணை வந்ததில்லை.”

மறுநாள் உத்தரவு வந்தது. தெருவுக்குத் தெரு பலகை. வீட்டு எண், பரப்பு, முடிந்ததா முடியவில்லையா, அதற்குக் காரணம் என்ன என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும். முப்பது நாள் தெருமுனையில் நிற்க வேண்டும். தன் வீட்டைப் பற்றியும் ஆட்சேபிக்கலாம், அடுத்த வீட்டைப் பற்றியும் ஆட்சேபிக்கலாம்.

ஆணிக்காரருக்கு அந்த உத்தரவு ரொம்பப் பிடித்திருந்தது. தன் தெருப் பலகையைத் தானே எழுதினார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிரஷ்ஷால் நாற்பத்திரண்டு வீடு. பதினேழாம் எண்ணில், ‘610 சதுர அடி. முடியவில்லை. காரணம்: மேல்தளக் கம்பிகள் நிற்கின்றன’ என்று எழுதினார். மற்ற வரிகளைவிட அது நேராக வந்திருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

காலையில் பலகை முன்னால் கூட்டம். யாரும் தன் வீட்டைத் தேடவில்லை. எல்லாரும் அடுத்த வீட்டைத்தான் தேடினார்கள். ஆணிக்காரர் சற்றுத் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தான் எழுதியதை ஊர் படிக்கிற சந்தோஷத்தில் நின்றார்.

தையல்காரம்மா பதினேழில் விரலை வைத்தார். “அண்ணே, இது யார் வீடு?”

“என் வீடுதாம்மா.”

“முடியலையா?”

“இல்லம்மா. மேல ரூம் கட்டணுமே.”

“எப்ப?”

“அடுத்த வருஷம்.”

“ஓகோ.” தையல்காரம்மா கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைச் சரிசெய்துகொண்டார். “ஒரு கண்ணாடி மாட்டினதுக்கு எட்டு வருஷமா முழு வரி கட்றவ நான். உங்க வீட்ல எத்தனை ஆணி இருக்கு?”

ஆணிக்காரர் வாயைத் திறந்தார். ஊரில் எந்த வீட்டில் எந்தச் சுவரில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த ஒரு வீட்டுக்குக் கணக்குத் தெரியவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கூடத்துச் சுவரை ஒட்டி மெல்ல நடந்துகொண்டிருந்தவரை மனைவி பார்த்தார். “என்னங்க தேடறீங்க?”

“ஆணி.”

“எத்தனை இன்ச்சு வேணும்? டப்பாவுல இருக்கு.”

“அடிக்க இல்லை. எண்றதுக்கு.”

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். ஆணிக்காரர் முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது என்று முணுமுணுத்தபடி போனார். நாற்பத்து மூன்றில் நின்று, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

“உனக்கு என்ன தோணுது? இது முடிஞ்ச வீடா, முடியாத வீடா?”

“நல்லாருக்கே! இருபத்தோரு வருஷமா நான் உங்களைக் கேக்கற கேள்வி. இப்ப திருப்பி என்கிட்டயா?”

சாயங்காலம் மூன்று மாடிக்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். இருபது வருஷத்தில் இந்த வாசலை மிதிக்காதவர். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். “நீங்களும் நம்ம ஆளுதான்னு தெரியாமப் போச்சு சார். நான் கொக்கி வாங்கி ஒட்டி, பட்டி பூசி என்னென்னமோ பண்ணேன். நீங்க மொட்டை மாடியில நாலு கம்பியை விட்டு வேலையை முடிச்சிட்டீங்க. அதுக்குப் பெயிண்டு வேற! என் மூளைக்கு இது எட்டவே இல்லை பாருங்க.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பழத்தை யாரும் தொடவில்லை. தையல்காரம்மாவின் கேள்விகூட ஆணிக்காரரைச் சாப்பிடவிடாமல் செய்யவில்லை. இந்தப் பாராட்டு செய்தது.

ஒரு வாரத்தில் பதினேழாம் எண் வீட்டின் மேல் பதினோரு ஆட்சேபணைகள். ஆணையர் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நீங்க ஏமாத்தினீங்கன்னு நான் நினைக்கலை. ஆனா நீங்க சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்த ஊர்ல மூவாயிரம் வீடு ‘முடிஞ்சது’ன்னு இருக்கு. உங்க வீட்டு விஷயத்துல அந்த வார்த்தை சரியில்லைன்னா, மூவாயிரத்தையும் மறுபடி பாக்கணும். வேற ஆளை வச்சு.”

“புரியுது மேடம்.”

“ஞாயித்துக்கிழமை விசாரணை. உங்க வீட்லயே வச்சுக்கலாம். தெருவே வந்து பாக்கட்டும்.”

ஆணிக்காரர் மகளுக்குப் போன் போட்டார். “நீ ஒரு பேப்பர் எழுதிக் குடுத்தாப் போதும். எஞ்சினியர் கையெழுத்து. கட்டடம் இன்னும் முடியலைன்னு.”

“பாக்காம எழுத மாட்டேன்பா.”

“நீ வளர்ந்த வீடும்மா!”

“அது வேற பார்வைப்பா.”

சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். தோளில் ஒரு பை, கையில் சின்னச் சுத்தியல். செருப்பைக் கழற்றியதும் நேராகப் படியேறினாள். அவர் பின்னாலேயே போய்ப் பதினாறாம் படியில் உட்கார்ந்தார். மேலே போகத் தைரியம் வரவில்லை. அவள் ஒவ்வொரு தூணாகத் தட்டினாள். கம்பியில் சிவப்பைச் சுரண்டினாள். சுத்தியலைத் திருப்பிப் பிடித்துக் காது வைத்துக் கேட்டாள். நாற்பது நிமிஷம்.

“வருஷா வருஷம் பெயிண்ட் அடிச்சீங்களாப்பா?”

“ஒரு வருஷம் விட்டதில்லை.”

“வெளியில நல்லா இருக்கு.”

“உள்ள?”

“உள்ள பாதி இல்லை.”

அவர் யோசித்தார். “பாதி போதாதா? சின்ன ரூம்தானே.”

“போதாது. நாலு தூண் கம்பியையும் வெட்டிப் பூசிடணும். விட்டா தண்ணி தூணுக்குள்ள இறங்கும். கீழ இருக்கறதுக்கும் ஆபத்து.”

“புதுசா கம்பி விட்டுக் கட்டினா?”

“அப்பா.” அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “எனக்கு முப்பத்திநாலு வயசு. யாருக்கு ரூம்?”

“நீ வந்தா தங்க.”

“ஹால்ல தங்கிட்டுத்தானே இருக்கேன்? நல்லாத்தானே இருக்கு?”

அவர் நான்கு கம்பிகளுக்கு நடுவே இருந்த காற்றைப் பார்த்தார். பத்துக்குப் பன்னிரண்டு. கிழக்கே ஒரு ஜன்னல், மேஜை அதன் கீழே. வாழ்நாளில் அவர் அளந்த அறைகளில் இதைத்தான் அதிக முறை அளந்திருந்தார். ஒரு தடவைகூட அங்குலம் பிசகியதில்லை.

மகள் கீழே போய் ஒரு பக்கத்தில் அறிக்கை எழுதினாள். அவரிடம் மடித்துக் கொடுத்தாள். “உங்களுக்குச் சாதகமா இல்லைப்பா.”

“உண்மையா இருக்கா?”

“இருக்கு.”

“சரி. சாப்பிடு போ.”

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தெரு முழுக்க அந்த 610 சதுர அடிக்குள் இருந்தது. ஆணையர் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். தையல்காரம்மா கையில் சாக்குக்கட்டியோடு வந்திருந்தார், துணியில் கோடு போடுகிற கட்டி. ஒவ்வொரு ஆணியையும் வட்டம் போட்டு உரக்க எண்ணினார். பின்னாலேயே கூட்டமும் எண்ணியது. கூட்டத்தில் ஒருவர் தப்பாக எண்ண, இன்னொருவர் மண்டையில் தட்ட, மறுபடி முதலிலிருந்து.

“நாப்பத்தாறு!” மேஜைக்குக் கீழே குனிந்தார் தையல்காரம்மா. “இங்க சுவத்துல ஒண்ணு. நாப்பத்தேழு!”

“அது ஆணி இல்லம்மா, ஸ்க்ரூ,” என்றார் ஆணிக்காரர்.

“ஸ்க்ரூ மட்டும் தானா நடந்து வந்து சுவத்துல ஏறிக்கிச்சா?”

தெரு சிரித்தது. ஆணிக்காரர், “நாப்பத்தேழு, சரி,” என்றார்.

ஆணையர் பேனாவைத் திறந்தார். “உங்க பதில் என்ன?”

ஆணிக்காரர் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து மகள் கொடுத்த தாளை எடுத்துப் பிரித்தார். கண்ணாடியைத் துடைத்தார். மூன்று மாடிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு நல்ல வாதத்தைக் கற்றுக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தார். ஆணிக்காரர் தாளை மனசுக்குள் ஒரு தரம் படித்தார். பிறகு மடித்து ஆணையர் முன்னால் வைத்தார்.

“வீடு முடிஞ்சிடுச்சு மேடம். மேல ரூம் வராது.”

தையல்காரம்மா சண்டைக்கு இன்னும் அரை மணி நேரச் சரக்கு வைத்திருந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சாக்குக்கட்டியை உள்ளங்கையில் உருட்டினார். சமையலறை வாசலில் டம்ளர் தட்டோடு நின்ற மனைவி, “இதை என்கிட்ட சொல்லியிருந்தா, இத்தனை பேருக்கு டீ போட்டிருக்க வேண்டாம்,” என்றார். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. மகள் போய்த் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஆணையர் படிவத்தைத் திருப்பினார். “ஒரு கட்டம் பாக்கி இருக்கு. முடிந்த தேதி.”

அவ்வளவுதான், தெருவுக்கு மறுபடி உயிர் வந்தது.

“இன்னிக்குத் தேதி போடுங்க சார்!” என்றார் மூன்று மாடிக்காரர். “பின்னாடி போனீங்க, பழசெல்லாம் சேர்ந்து தலையில விழும். இன்னிக்குத்தானே முடிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டீங்க?”

“டிவி வாங்கின தேதி போடுங்கண்ணே,” என்றார் தையல்காரம்மா. அவர் குரலில் ஊசி இல்லை. “பத்து வருஷம்தான் ஆகுது. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“பொண்ணு வேலைக்குப் போன தேதி!” என்றது ஒரு குரல். “கேஸ் அடுப்பு வந்த தேதி!” என்றது இன்னொன்று. ஏலம் போலிருந்தது.

ஆணிக்காரர் எல்லாரையும் பார்த்தார். “உங்க எல்லாருக்கும் நான் என்ன தேதி போட்டேன்?”

“ஆணித் தேதி,” என்றார்கள் இரண்டு மூன்று பேர், கசப்போடு.

“குடி வந்த அன்னைக்கே டேப்புப் பையை மாட்ட இந்தச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சேன்.” அவர் பேனாவை வாங்கி, இருபத்தோரு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியைக் கட்டத்தில் எழுதினார். மூன்று மாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு, டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஆணையர் கோப்பில் ஒரே வரி எழுதினார்: ‘மற்ற வீடுகளை மறுபடி பார்க்கத் தேவையில்லை.’ பழைய பாக்கி தவணையில் கழிந்தது. மகள் நின்று கம்பிகளை வெட்டவைத்து, தூண் தலைகளைப் பூசவைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போனாள். கொடி கட்ட இடமில்லை என்று மனைவி இரண்டு நாள் பேசினார்.

திருத்திய பட்டியல் மறுபடி முப்பது நாள் பலகையில் நின்றது. அதிலும் ஆட்சேபணை உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் ஆட்சேபணை வாங்கும் ஜன்னலில் ஆணிக்காரர்தான் உட்காருவார். இரண்டாம் செவ்வாயன்று டோக்கன் பதினான்கைக் கூப்பிட்டார். கம்பிக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி நின்றார். நல்ல புடவை. கையில் பூர்த்தி செய்த படிவம்.

“நீ எங்க இங்க? சாவியைத் தொலைச்சிட்டியா?”

“டோக்கன் எடுத்திருக்கேன்.” காட்டினார். “பதினேழாம் நம்பர் வீடு. முடிந்த தேதி தப்பு.”

“என்ன தப்பு?”

“மூணு நாள் முன்னாடியே முடிஞ்சிடுச்சு. குடி வர்றதுக்கு முன்னாடி வீடு கழுவ நான் தனியா வந்தேன்ல? அன்னைக்கு ஒரு ஆணி அடிச்சேன். சமையலறைக் கதவுக்குப் பின்னாடி, சுவத்துல. கரித்துணி மாட்ட.”

“தெருவே எண்ணிச்சே! அது வரலையே?”

“கதவைச் சாத்தினாத்தானே தெரியும். அன்னைக்கு எல்லாரும் கதவைத் திறந்து வச்சுட்டு எண்ணினாங்க. நீங்களும் இருபத்தோரு வருஷத்துல ஒரு நாள் உள்ள வந்து அந்தக் கதவைச் சாத்தினதில்லை.”

வரிசையில் யாரோ கனைத்தார்கள். ஆணிக்காரர் ஜன்னலுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். “மூணு நாள்ல ஒண்ணும் மாறாது. விட்டுடேன். வீட்ல பேசிக்கலாம்.”

“வீட்ல பேசினா ரசீது கிடைக்குமா?” மனைவி குரலைத் தாழ்த்தவில்லை. “பலகையில உங்க ஆணிதான் முதல் ஆணின்னு நிக்குது. ஊரே படிக்குது. எது சரியோ அதை எழுதுங்க.”

அவர் படிவத்தை வாங்கினார். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒன்றைத் தவிர. அதை மனுதாரரிடம் வாயால் கேட்டு அலுவலர்தான் நிரப்ப வேண்டும். பதின்மூன்று பேரிடமும் கேட்டிருந்தார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு பதினான்காவது ஆளிடமும் கேட்டார்.

“வீட்டு உரிமையாளருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?”

“தெரிஞ்சதை நீங்களே எழுதுங்க,” என்றார் மனைவி.

அவர் பேனாவைக் காகிதத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு எழுதினார். மனைவி கம்பி வழியாகத் தலைகீழாக எழுத்துக் கூட்டிப் படித்தார். ‘முதலில் குடிவந்தவர்.’

“இது ஒரு உறவா?”

“கட்டத்துல இவ்வளவுதான் இடம்.”

மனைவி இன்னொரு முறை படித்தார். கைப்பையை மூடினார்.

“சரி,” என்றார். “சீல் வைங்க.”